அக்காவை மைசூருக்குக் கொண்டுபோனேன்

மைசூர் தசராவுக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் யானையைப் பற்றி எழுதுகிறார்கள். நானும் யானையைப் பார்த்தேன். அம்பாரியைச் சுமந்துகொண்டு அது என் கண்ணுக்கு நேர் கீழே நடந்துபோன நேரத்தில், என் முதுகுக்குப் பின்னால் என் அக்கா மயங்கிச் சரிந்துகொண்டிருந்தாள். கோயமுத்தூரில் யார் கேட்டாலும் "யானை ஜோருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை இங்கேயாவது சொல்லித் தொலைக்கிறேன்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும், கோளாறெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். நூல் மில் ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க் நான். நூல் மூட்டைகளை லாரியில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கி, சொன்ன நேரத்துக்குச் சொன்ன ஊரில் இறக்க வைப்பது என் வேலை. வேண்டாத சாமான் ஒன்றுகூட வண்டியில் ஏற விடமாட்டேன். வேலுச்சாமி அனுப்பினால் சேதாரம் இருக்காது என்று மில்லில் பேர். வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் வண்டி ஏற்பாடு என் தலையில்தான் விழும். விழட்டும் என்று நானும் ஆசையாய்த் தலையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

என்னோடு சேர்த்து நாங்கள் மூன்று பிள்ளைகள். பெரியண்ணன் ரயில்வே பட்டறையில் தச்சு வேலைக்குச் சேர்ந்து மைசூரிலேயே வீடு கட்டிக்கொண்டார். அக்கா கண்ணம்மாவை மைசூர்ப் பக்கம் ஹனூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தார்கள். நான் பிழைக்கக் கோவை வந்தேன். தசராவுக்கு மட்டும் எல்லாரும் அண்ணன் வீட்டில் கூடிவிட வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இரண்டு கட்டைகளை ஊன்றி வீட்டுக்குள் பத்தடி நடப்பாள். படி ஏற முடியாது, காலை மடக்கிக் குத்தவைக்க முடியாது. ஒன்பது தசராவுக்கு அவள் வரவில்லை. என் பையன் அவளைப் 'போட்டோ அத்தை' என்பான். சுவரில் தொங்கும் கல்யாணப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அவனை ஒருமுறையாவது ஹனூருக்குக் கூட்டிப்போயிருக்கலாம். போகவில்லை.

இந்த வருஷம் அக்காவே, பக்கத்து வீட்டுக் கார்ட்லெஸ் போனை வாங்கி வரச் சொல்லி, மில்லுக்குப் பேசினாள். "தம்பி, இந்த நோம்பிக்கு நானும் வரோணும்டா. மச்சானுக்குப் புழு வேல கெடக்கு. நீ வந்து கூட்டிட்டுப் போறியா?"

"நீ கம்முனு இரு, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். கம்முனு இரு என்றதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஹனூர் போய்ச் சேர்ந்தேன். களியும் கீரைக் கடைசலும் சாப்பாடு. கோவையில் ஓட்டல் பரோட்டா தின்று கெட்டுப்போன வயிறு, கும்பிட்டு வாங்கிக்கொண்டது. மச்சான் பட்டுப்புழு வளர்க்கிறவர். கடைசித் தீனி எடுக்கும் சமயம் அது. புழு அறையில் தட்டுத் தட்டாய் மல்பெரி இலை மறைந்துகொண்டிருந்தது. தூறல் விழுகிற மாதிரி சத்தம். அந்த நாலைந்து நாளில் வளர்ப்பவர் வீட்டை விட்டு நகர்ந்தால் ஒரு மாச உழைப்பு போய்விடும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மாப்ள, ஒம்பது வருசங்கழிச்சு வெளிய கால் வெக்கறா" என்றார் மச்சான், இலையைப் பரப்பிக்கொண்டே. "ஒருக்கா நல்லபடியாப் போயிட்டு வந்துட்டான்னா தெகிரியம் வந்துரும். கோணலாப் போச்சுன்னா அப்பறம் இந்த வாசப்படிய உட்டு எறங்கவே மாட்டா. பாத்துக்குங்க."

"மச்சான், மாசத்துக்கு எத்தன லோடு அனுப்பறேன், இதென்ன" என்றேன்.

"அவளுக்கு வேண்டியதச் சாக்குல கட்டி வாசல்ல வெச்சிருக்கறேன். அதய மட்டும் உட்றாதீங்க."

மறுநாள் விடியும்போதே அவர் இலை பறிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எங்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடப் பால் வண்டிக்காரர் ஒருவரைச் சொல்லி வைத்திருந்தார். அக்கா புதுச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஐம்பது வயதுக்காரி, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்பிய பிள்ளை போல முகம்.

சாக்கைத் தடவிப் பார்த்தேன். நாற்காலி! நாலு காலையும் கயிற்றால் இறுக்கி, கூடவே பிளாஸ்டிக் வாளி ஒன்றையும் செருகிக் கட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தச்சன் வீட்டுக்கு யாராவது நாற்காலி கொண்டுபோவார்களா?

"இதெதுக்குக்கா? அண்ணன் வீட்ல நாற்காலிக்கா பஞ்சம்?"

"கூட வரட்டுமேடா. ஒண்ணும் கனமில்ல."

"பண்டிகைக் கூட்டம், பஸ்ஸுல உன்னய ஏத்தறதா இதய ஏத்தறதா?"

"வேணும் தம்பி."

"அதான் எதுக்கு?"

அக்கா வாயைத் திறந்தாள். பால் வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள். நான் சாக்கைத் தூக்கி வீட்டுக்குள் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு வந்தேன். வண்டி புறப்பட்டபோது ஒரு சாமான் குறைந்தது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு.

ஹனூர் பஸ் ஸ்டாண்டில் ராகி மூட்டை ஏற்றும் ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்தேன். "மெல்ல, மெல்ல. இந்தப் பக்கம் சாய். தல இடிக்காம. அப்படியே உள்ள தள்ளு." மில்லில் நான் தினமும் கத்துகிற அதே வார்த்தைகள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் கொண்டுபோய் உட்கார வைத்தோம். கண்டக்டர் கன்னடத்தில், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா, கால் முடியாதவங்க" என்றதும் எதிரே இருந்த அம்மாள் தன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏற்றி முடிக்க நாலு நிமிஷம்.

பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை. இதே கோவைப் பக்கமாக இருந்தால் டிரைவரைச் சூழ்ந்துகொண்டு அவர் பரம்பரையை விசாரித்திருப்பார்கள். இங்கே ஜனங்கள் பேசாமல் இறங்கி, மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிக்காயை வாங்கிக் கடித்துக்கொண்டு நிழலுக்குப் போனார்கள். பெண்கள் நாலைந்து பேராய்ச் சேர்ந்து கரும்புக் காட்டுப் பக்கம் போய்வந்தார்கள். அக்கா ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் பஸ் நின்றது. நான் இரண்டு இளநீர் வாங்கி வந்தேன்.

"எனக்கு வேண்டாஞ் சாமி, நீ குடி."

"இந்த வெயில்லயா?"

"பஸ்ஸுல எனக்கு எதுவும் ஒத்துக்காது."

இரண்டையும் நானே குடித்தேன். தொந்தரவு கொடுக்காத பிரயாணி என்று மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

மைசூரில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஊர் முழுக்கப் பல்பு மாலை. ஆட்டோக்காரர் அக்காவை ஏற்றும்போது, "எந்தப் பக்கம் வலிக்கும், எங்கே பிடிக்கட்டும்?" என்று கன்னடத்தில் கேட்டார். அக்கா, இடது பக்கம், முழங்கைக்குக் கீழே பிடித்தால் போதும் என்றாள். அவர் அப்படியே பிடித்தார், அவளே ஏறிக்கொண்டாள். அது எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது. நான் கூலியாள் தேடிக் கிளம்பியிருந்தேன்.

அண்ணன் வீட்டில் இருபது பேர். அண்ணி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் அழமாட்டார், "பர்வாயில்ல, பர்வாயில்ல" என்று கன்னடத்திலேயே நாலைந்து முறை சொல்லிவிட்டு, தான் செய்த தேக்கு நாற்காலிகளில் கைப்பிடி வைத்ததை எடுத்துப் போட்டார். பார்த்தாயா என்று அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அடுத்த நாள் ஆயுத பூஜை. காலையில் கொல்லைப்புறக் கக்கூசுக்கு வரிசை. துவைக்கிற கல்லைத் தாண்டி, மூன்று படி ஏறி, சின்ன அறை. ஆளாளுக்குக் கையில் வாளி, உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர்கள் கேலி செய்வது, "தூங்கிட்டீங்களா, காபி அனுப்பட்டுமா" என்று கத்துவது. நானும் அந்த வரிசையில் நின்றேன், நானும் கத்தினேன். இரண்டு காலை நின்றிருக்கிறேன். படியேற முடியாத, குத்தவைக்க முடியாத ஒருத்தி இந்த வீட்டில் என்ன செய்வாள் என்று ஒரு காலையிலும் எனக்குத் தோன்றவில்லை. இருபது பேரில் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் கூட்டி வந்தவன் நான்.

அண்ணன் ரம்பம், இழைப்புளி, உளி, சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பலகையில் அடுக்கியிருந்தார். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பந்தி போட்டார்கள். ஒப்பட்டு என்கிற போளியின் மேல் ஊற்றிய நெய் இலையில் ஓடியது. ஊறவைத்த பயத்தம்பருப்பில் கோசம்பரி, சித்ரான்னம், வெல்லம் போட்ட சாம்பார். சாம்பாரில் வெல்லம் போடுகிற பாவத்துக்கு இந்த ஊர்க்காரர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒப்பட்டுக்காக அரை மன்னிப்பு தரலாம்.

அண்ணன் மகள் உஷா பரிமாறினாள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற பெண். "என்ன அத்தே, இவ்ளோ ஸ்வல்பமா ஊட்டா பண்றீங்க? நீரும் குடிக்கலையே?"

"எனக்கு எப்பவுமே கொஞ்சந்தாங் கண்ணு" என்றாள் அக்கா.

சாப்பிடவில்லையே தவிர, அன்றைக்கு அக்கா பேசிய பேச்சு இருக்கிறதே! சின்ன வயதில் அண்ணன் பேய்க்குப் பயந்து மாட்டுக் கொட்டகையில் எருமையைக் கட்டிக்கொண்டு தூங்கியதை நடித்துக் காட்டினாள். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பூத் தொடுக்க, வெற்றிலை மடிக்க, எல்லாவற்றுக்கும் அவளைச் சுற்றியே கூட்டம். ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் என்ன குறைந்திருந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. நடுநடுவே நான் அவளை எப்படிக் கொண்டுவந்து சேர்த்தேன் என்ற கதையை மூன்று முறை சொன்னேன். "வேலு இருந்தா லாரிலயே ஏத்திட்டு வந்துருவான்" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும்தான்.

மறுநாள் விஜயதசமி, யானை ஊர்வலம். "கும்பல்ல எதுக்குக் கஷ்டம்? டிவில ஆராமாப் பாக்கட்டும்" என்றார் அண்ணி. அக்காவும், "ஆமாந் தம்பி, நான் இங்கியே இருந்துக்கறேன்" என்றாள்.

நான் விடவில்லை. ஒன்பது வருஷம் கழித்து வந்துவிட்டு டிவியிலா? அண்ணனுக்குத் தெரிந்தவரின் துணிக்கடை ஊர்வலப் பாதையில் இருந்தது, மாடியில் இடம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் யானை பார்க்க வேண்டும் என்பதைவிட, அவளை மாடியில் ஏற்றிக் காட்டியது நான் என்று எல்லாரும் பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தெருவை அடைத்துவிடுவார்கள் என்பதால் பத்தரை மணிக்கே போய்விட்டோம். குறுகல் படி. நாற்காலியோடு நாலு பேர் தூக்கினோம். கடைக்காரர் வீட்டுப் பெண்கள், வெளியூர் ஆட்கள் என்று மாடியில் நாற்பது பேருக்கு மேல். மத்தியானம் எலுமிச்சை சாதப் பொட்டலம் வந்தது. அக்கா பிரித்து நாலு பருக்கை வாயில் போட்டாள். தண்ணீர் டம்ளரை உதட்டில் தொட்டுவிட்டு வைத்தாள். "குடிக்கா" என்றேன், சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன், கீழே போலீஸ் பேண்டு வாத்தியம் ஆரம்பித்திருந்தது.

குதிரைப் படை போனது, பொம்மை வண்டிகள் போயின. கடைசியில் யானை. கூட்டம் ஒரே குரலாய்க் கத்தியது. நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, திரும்பாமலே கேட்டேன்: "அக்கா, யானை தெரியுதா?"

பதில் இல்லை. மகிழ்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்து இன்னொரு படம் எடுத்தேன்.

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முன்பின் தெரியாத ஒரு கன்னடத்து அம்மாள். "யானை அடுத்த வருஷமும் வரும். இந்தம்மாவைப் பாருங்கள்" என்றார். அக்காவின் தலை தோளில் தொங்கியிருந்தது. உதடு காய்ந்து வெடித்து வெள்ளையாய் இருந்தது. தொட்டேன், உடம்பு கொதித்தது.

எப்படி இறக்கினோம், அடைத்த தெருவை எப்படிக் கடந்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கூட்டம் வழிவிட்டது, ஒரு போலீஸ்காரர் முன்னால் ஓடினார். பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். நாற்பது வயது நர்ஸ் ஒருவர் அக்காவின் கையைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. நர்ஸ் கன்னடத்தில் கேட்டதைத் தமிழில் போடுகிறேன்.

"கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார்கள்?"

"தெரியலை."

"கடைசியாக எப்போது மூத்திரம் போனார்கள்?"

"தெரியலை."

"கூட்டி வந்தது யார்?"

"நான்தான்."

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரைக்குள் போய்விட்டார். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

இரண்டு பாட்டில் டிரிப் இறங்கிய பிறகு அக்கா கண்ணைத் திறந்தாள். அறையில் நான் மட்டும் இருந்தேன். "ஏங்க்கா தண்ணியே குடிக்கல?" என்றேன். கேட்கும்போதே குரலில் ஒரு அதட்டல் இருந்தது, என் ஏற்பாட்டைக் கெடுத்துவிட்டாளே என்பது போல. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சாக்குல இருந்தது சும்மா ஒக்கார்ற நாற்காலி இல்லடா. நடுவுல ஓட்ட போட்டது. உன்ற மச்சான் பண்ணிக் குடுத்தது. அடியில வாளிய வெச்சுக்குவேன். ஒம்பது வருசமா என்ற கக்கூசு அதுதான்."

"அதய அப்பவே சொல்லக் கூடாதா?"

"பால் வண்டிக்காரன் நிக்கறான். நீ தம்பி, ஆம்பள. எப்படிச் சொல்றது? வேணும்னு சொன்னனல்லோ. வேணும்னா வேணும்னுதான். அது பத்தாதா உனக்கு?"

நான் காலி டிரிப் பாட்டிலைப் பார்த்தேன்.

"விடியக்கருக்கல்ல, எல்லாருந் தூங்கறப்ப, குளிக்கிற ரூம்புக்குப் போவேன். தண்ணி போற ஓட்டைக்கு. கட்டையச் சத்தங் கேக்கும்னு எடுக்கல. தவுந்து போனேன். இருவது ஒறம்பரை படுத்திருக்கற வீட்ல, புள்ளைங்க காலத் தாண்டி, தவுந்துடா. நானு. தண்ணி குடிச்சா பகல்லயும் போகோணும். அதான் குடிக்கல."

குத்தவைக்க முடியாது என்று தெரியும். படியேற முடியாது என்று தெரியும். மூன்று படி இருக்கிறது என்றும் தெரியும். தெரிந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவில்லாமல் இல்லை. அவளை இறக்கியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மூட்டைக்கு இறக்கிய பிறகு ஒன்றும் வேண்டியிருக்காது. அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நீட்டினேன், ஊசி இருந்த கை அது. எடுத்துக்கொண்டேன்.

இருட்டிய பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனிடமும் அண்ணியிடமும் நான்தான் சொன்னேன், அக்காவுக்கு அந்த வேலையையும் வைக்கக் கூடாது என்று. அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளையா இருந்துட்டு நானே கேக்கலையே." அண்ணன் பூஜைப் பலகையிலிருந்து குங்குமத்தோடு ரம்பத்தை எடுத்தார். விஜயதசமியன்று, பூஜையில் வைத்த ஆயுதத்தால் முதல் வேலை தொடங்குவது தச்சர் வழக்கம். வழக்கமாகச் சின்னதாய் ஒரு பலகையை அறுத்துச் சாங்கியம் முடித்துவிடுவார். அன்றைக்குத் தேக்கு நாற்காலி ஒன்றைத் திண்ணையில் சாய்த்து, பென்சிலால் நடுவில் வட்டம் போட்டு, அறுக்க ஆரம்பித்தார். விளிம்பில் சிராய் குத்தாமல் இருக்க உப்புத்தாளால் தேய்த்தபடியே இருந்தார். அண்ணி ஒரு மூலை அறையைக் காலி செய்து கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

அடுத்த நாள் அக்கா மூன்று டம்ளர் காபி குடித்தாள். மோர் குடித்தாள். மிச்சமிருந்த ஒப்பட்டைப் பாலில் ஊறவைத்துத் தின்றாள். வெண்ணெய் வைத்த மெத்தென்ற தோசையை ஓட்டலிலிருந்து வாங்கி வந்தேன், அதையும் தின்றாள். எருமைக் கதையைப் பிள்ளைகள் மறுபடி கேட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கூட்டத்தில் உட்கார முடியவில்லை, வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்புகிற நாள். அண்ணன் செய்த நாற்காலியும் வாளியும் கூட வந்தன, பஸ்ஸின் மேலே கட்டினோம். இந்த முறை ஆளைப் பிடித்துத் தூக்கவில்லை. எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டுப் பிடித்தேன். திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். அக்கா என் காதருகே, "தம்பி, வண்டிய நிறுத்தச் சொல்லு. போகோணும்" என்றாள்.

எழுந்து கண்டக்டரிடம் போனேன். பஸ் நிறைய ஆட்கள். எல்லாரும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. "கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்றேன்.

"எதுக்கு?" என்றார் கண்டக்டர் கன்னடத்தில்.

எதுக்கு. நான் அக்காவிடம் கேட்ட அதே கேள்வி. அதற்குப் பதில் ஒரே வார்த்தை. எனக்கு அது வாயில் வரவில்லை.

"அவங்களுக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்காம்" என்றேன்.

"அப்போ ஜன்னல் பக்கம்தானே இருக்காங்க" என்று கண்டக்டர் ஒரு காகிதப் பையை எடுத்து நீட்டினார்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. நல்ல சத்தமான, சுத்தமான கன்னடம். "வாந்தி இல்லையப்பா. நான் மூத்திரம் போக வேண்டும். எனக்குக் கால் மடங்காது. என் நாற்காலி மேலே இருக்கிறது, அதை இறக்கிக் கொடுத்தால் போதும், பத்து நிமிஷம் ஆகும்."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. "அதைச் சொல்றதுக்கென்ன?" என்று கண்டக்டர் என்னிடம் சொல்லிவிட்டு விசில் ஊதினார். வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றின் ஓரமாய் வண்டி நின்றது. கிளீனர் மேலே ஏறி நாற்காலியை இறக்கினார். இரண்டு பெண்கள் தாமாக எழுந்து வந்து அக்காவிடம் கேட்டுக் கேட்டு இறக்கினார்கள், கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். ஆண்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு மறுபக்கம் பார்த்து நின்றார்கள். நான் காகிதப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா திரும்பி வந்தபோது அந்தப் பெண்களோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி தன் மாமியாருக்கும் இப்படி ஒரு நாற்காலி செய்ய வேண்டும், ஓட்டை எவ்வளவு அகலம் என்று கையால் அளந்துகொண்டாள். ஹனூர் வரைக்கும் அக்கா அவர்களோடு பேசினாள். என்னோடு பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது, ஜன்னலோரம் வெள்ளரிக்காயை மென்றபடி வந்தாள்.

வீட்டு வாசலில் மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். புழு கூடு கட்ட ஆரம்பித்துவிட்டதாம், முகத்தில் தூக்கமே இல்லை. "அன்னிக்குக் கதவோரம் சாக்கப் பாத்ததும் பகீர்னு ஆயிருச்சு. போன் போடலாம்னு போனா லைனே கெடைக்கல" என்றார். என்னைப் பார்த்து, "மாப்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைத் திட்டக் கூடாதல்லவா.

"அதெல்லாம் ஆயிப்போச்சு, உடுங்க" என்றாள் அக்கா, திண்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே. "நோம்பி நெம்ப நல்லா இருந்துச்சு. அடுத்த வருசமும் போகோணும்."

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "போனாப் போச்சு! மாப்ளைய வரச் சொன்னா வந்து கூட்டிட்டுப் போறாரு."

"இல்லீங்க. புழுவ ஒரு மாசம் முந்தி வெச்சுக்கலாம். நீங்க வாங்க. அவன் வேண்டாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாதானம் பேசியிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.